இன்னும் தேறாதவர்

கைப்பையை மடியில் வைத்துக்கொள்வதா, காலடியில் வைப்பதா என்று ஆவுடையப்பனுக்கு இன்னும் முடிவாகவில்லை. மடியில் வைத்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். காலடியில் வைத்தால் குழல்வாய்மொழி மேடையிலிருந்தே முறைப்பாள், பையைத் தரையில் வைப்பது அவளுக்குப் பிடிக்காது. ஆகவே, பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் பேராசிரியர், வருகிற ஜூனில் ஓய்வு பெறப்போகிறவர், நூறு சதவீதத் தேர்ச்சிக்குப் பேர்போனவர், விழா அரங்கின் முன்வரிசையில் ஒரு பழுப்புநிற லேடீஸ் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் கைக்குழந்தையை வாங்கி வைத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். 'இதக் கொஞ்சம் பிடிங்க' என்று கொடுத்துவிட்டு மேடையேறியவள் அவருடைய மனைவி, தாவரவியல் துறை, இன்றைக்கு விருது வாங்கப் போகிறவள். மூன்று நாளில் அவள் அவரிடம் பேசியதே அவ்வளவுதான் என்று சொன்னால் பொய். சாப்பிட வாங்க என்றாள், மாத்திரை போட்டாச்சா என்றாள், இந்தச் சட்டை வேண்டாம் அந்தக் கோடு போட்டதைப் போடுங்க என்றாள். எல்லாம் பேசினாள், பேச வேண்டியதைத்தான் பேசவில்லை. இல்லை, பேச வேண்டியது அவளா? அதைச் சொல்ல வேண்டியவர் அவர் அல்லவா? மூன்று நாளுக்கு முன்னால், சாயங்காலம், அவர் வீட்டின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போன் அடித்தது. கையில் ஒட்டிய மாவோடு அவள் வந்து நிலைப்படியில் நின்றாள். 'எனக்குத்தான் குடுக்காங்களாம்' என்றாள். எதை என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை, அந்த விருதைப் பற்றி நினைக்காத வருஷம் அந்த வீட்டில் கிடையாது. அப்போது அவள் முகம் எப்படி இருந்தது? மூன்று நாளாக அதைத்தான் ஞாபகத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறார், வரமாட்டேன் என்கிறது. மாவு ஒட்டிய விரல்கள் வருகின்றன, நிலைப்படியில் ஒரு பக்கமாகத் தேய்ந்த மிதியடி வருகிறது, மோட்டாரின் உறுமல்கூட வருகிறது, முகம் மட்டும் வரவில்லை. ஏனென்றால் அவர் பார்க்கவில்லை. 'சரி' என்றார். 'மோட்டார் ஓடுது, தொட்டி வழியப் போகுது' என்றார். போய் அணைத்தார். தொட்டி வழியவும் இல்லை, ஒன்றும் இல்லை, பாதிகூட நிறைந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் தலைக்குச் சோப்புப் போட்ட பிறகு குழாய் காற்றை ஊதியது. அவள் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனாள். கண்ணில் சோப்பு எரிய, வாளி தரையில் உட்காரும் சத்தம் கேட்டபோது, இப்போது சொல்லிவிடலாம், கதவு வழியாகவே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. என்ன சொல்வது? சந்தோஷம் என்றா? வாழ்த்துகள் என்றா? கட்டின பெண்டாட்டிக்கு எவனாவது குளியலறைக்குள் நின்றுகொண்டு வாழ்த்துகள் சொல்வானா? சொல்லவில்லை.

மேடையில் வரவேற்புரை நடந்துகொண்டிருந்தது. அது வரவேற்புரைதானா, இல்லை வருகைப் பதிவா என்று யாருக்கும் சந்தேகம் வரும். துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, தேர்வாணையர் அவர்களே, புல முதன்மையர் அவர்களே என்று ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, விருது பெறும் பேராசிரியர் முனைவர் குழல்வாய்மொழி அவர்களே என்றபோது பின்வரிசைகளில் ஒரு விசில் எழுந்து அடங்கியது. அவள் கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள். வெட்கம் வந்தால் அப்படித்தான் செய்வாள், தென்காசியில் பெண்பார்க்கப் போன அன்றைக்கும் அப்படித்தான் செய்தாள், அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது முகத்தைப் பார்த்தாரே, அது ஞாபகம் இருக்கிறதே. மூன்று நாளுக்கு முன்னால் நடந்தது ஏன் இல்லை? மேடையின் ஓரத்தில் ரோஜாமாலை போட்டு வைத்திருந்த படத்தில் சிரிப்பு நடிகர் வைகுந்தம் முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில்தான் ஒரு கல்லூரியில் பி.ஏ. படித்தார், ஒரே ஒரு தாளில் திரும்பத் திரும்ப எழுதியும் தேறாமல் சென்னைக்கு ரயிலேறினார், பிறகு தமிழ்நாடே அவரைப் பார்த்துச் சிரித்தது. பிள்ளை குட்டி இல்லை. சாகும்போது சென்னை வீட்டைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார், வருஷத்துக்கு ஒரு ஆசிரியருக்கு விருது கொடுக்கச் சொல்லி. ஒவ்வொரு வருஷமும் விழாவில் பதிவாளர் அந்த உயிலை முழுசாக வாசிக்க வேண்டும், அதுவும் உயிலிலேயே இருக்கிறது. இப்போது பதிவாளர் எழுந்தார், கண்ணாடியை மாற்றிக்கொண்டார். 'நான் பூரண சுயநினைவுடன், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி' என்று ஆரம்பித்ததுமே பின்வரிசைகள் சிரித்தன, எந்த வரியானாலும் வைகுந்தத்தின் கீச்சுக்குரலில்தான் அவர்களுக்குக் கேட்கும் போலிருக்கிறது. 'மேற்படி விருதுக்குரியவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டுரிமை, ஏதாவது ஒரு பாடத்தில் தேறாமல் இருக்கும் மாணவ மாணவியருக்கு மட்டுமே உண்டு. நான் தேறாத பாடத்துக்கு வந்த வாத்தியார் முகம் எனக்கு இன்றுவரை ஞாபகம் இருக்கிறது. தேறிய பாடங்களுக்கு யார் யார் வந்தார்கள் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.' சிரிப்பு. 'விருதாளருக்குப் பொன்னாடையை மந்திரியோ துணைவேந்தரோ போர்த்தக் கூடாது. அந்த ஆசிரியரிடம் படித்து, விழா நாள் அன்று வரை தேறாமல் இருக்கும் ஒருவர்தான் போர்த்த வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் அவ்வருடம் விருது கிடையாது.' கைதட்டல். வளாகத்தில் இதற்கு அரியர் அவார்டு என்று பெயர். கிடைக்காதவர்கள் அப்படிச் சொல்வார்கள். ஆவுடையப்பனும் சொல்லியிருக்கிறார்.

'என்னவே, பை நல்லா இருக்கே. எங்க வாங்குனீரு?' பக்கத்து நாற்காலியில் வணிகவியல் செய்யது மைதீன், அவரோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர், தொடையில் தட்டினார். 'சும்மா இரும்வே' என்றார் ஆவுடையப்பன். 'கோவப்படாதயும். ஒண்ணு சொல்லுதேன் கேளும். மேடத்துக்கு விழுந்த ஓட்டுல பாதி உம்ம ஓட்டுதான்.' 'எனக்கு ஏதுவே ஓட்டு? நான் என்ன அரியரா வச்சிருக்கேன்?' 'நீரு அனுப்புன ஆளுங்க ஓட்டுங்கேன். இந்தப் பையன் கணக்குல தேறமாட்டான், தாவரவியல்ல போயி விருப்பப் பாடம் எடுத்துக்கிடட்டும்னு வருசா வருசம் தள்ளி விட்டீர்லா? அதான் உமக்கு நூறு சதவீதம், அவுகளுக்கு அவார்டு.' சொல்லிவிட்டு மைதீன் சாதாரணமாகத் திரும்பி மேடையைப் பார்த்துக் கைதட்டினார். ஆவுடையப்பனுக்கு அது எங்கோ தைத்து நின்றுகொண்டது. தள்ளிவிட்டது உண்மைதான், அதில் தப்பு என்ன, ஓட முடியாதவனைப் பந்தயத்தில் நிறுத்துவதா? ஆனால் தள்ளிவிட்ட பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்று அவர் ஒரு நாளாவது யோசித்தது உண்டா? போன இடத்தில் இவள் இருந்தாள். சனிக்கிழமைகளில் துறைக் கட்டிடத்தின் பின்னால் அவள் ஒரு வகுப்பு எடுப்பாள், அட்டவணையில் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை, தேறாதவர்களுக்கு மட்டும். இலையை நசுக்கி மோந்து பாரு, பட்டையைத் தடவிப் பாரு, புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம் என்பாள். பெரிய அடுக்குச் சட்டியில் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு போவாள். அந்தச் சட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக் கொடுப்பது அவர்தான். 'தோத்தவங்க சங்கத் தலைவி கிளம்பியாச்சா?' என்பார். 'ஆமா, சந்தா கட்டுனா உங்களையும் சேத்துக்கிடுவோம்' என்பாள். சிரிப்பார்கள். அதெல்லாம் சிரிப்புத்தானே? அவள் மனதில் வைத்துக்கொண்டு, அந்த 'சரி'யோடு சேர்த்து, இதையும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ?

பொறாமையா இது? பொறாமை என்றால் வயிறு எரிய வேண்டும். அவருக்கு எரியவில்லை, காலையில் சாப்பிட்ட இட்லி நன்றாகச் செரித்துவிட்டது. ஆனால் ஆசை இருந்தது, இல்லை என்று யாரிடம் சொல்லப் போகிறார்? வருஷா வருஷம் இந்த முன்வரிசையில் உட்கார்ந்து யார் யாரோ அந்த மரக்கேடயத்தை வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறார். சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து ஏற்புரைகூடச் சொல்லிப் பார்த்திருக்கிறார். 'நான் இதற்குத் தகுதியானவனா என்று தெரியவில்லை' என்று ஆரம்பித்து, தெரியும் என்பது எல்லோருக்கும் விளங்கும்படி முடிகிற உரை. அவரிடம் படித்தவர்கள் பாங்கில் இருக்கிறார்கள், இன்சூரன்ஸில் இருக்கிறார்கள், டெல்லியில் இருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையோடு வந்து காலில் விழுகிறார்கள். அத்தனை பேருக்கும் ஓட்டு இல்லை. தேறிவிட்டார்களே, பாவிகள். இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் உண்டா என்று அவர் கணக்குப் போட்டும் பார்த்திருக்கிறார், நல்ல ஆசிரியருக்கு ஓட்டு விழுகிற சாத்தியமே குறைவு என்று ஒரு வளைகோடு வரைந்து அவளிடம் காட்டினார். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பார்த்துவிட்டு, 'கோடு நல்லா வளைஞ்சிருக்கு' என்றாள். எப்படியும் இது அவருக்குக் கடைசி வருஷம், இதற்குப் பிறகு ஓட்டுச்சீட்டில் பெயர் வராது. அந்தப் போன் வந்தபோது, தொட்டியருகில் நின்றபோது, அவர் மனசு ஒரு கணம் என்ன நினைத்தது? உள்ளே மணி அடித்ததுமே, எனக்கோ என்று நினைத்தது. அதுதான். அவள் நிலைப்படிக்கு வருவதற்குள் அவர் ஏற்புரையின் முதல் வரிக்கே போய்விட்டார். அங்கிருந்து இறங்கிவர அவருக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது, அந்த நேரத்தில் வாய் 'சரி' என்று சொல்லிவிட்டது. இவ்வளவுதான் நடந்தது. இதை அவளிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆனால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் சொன்னால் அது சமாதானம் ஆகிவிடும், மூன்றாம் நாள் சொன்னால் மன்னிப்பு ஆகிவிடும், இன்றைக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை.

கேடயம் போகட்டும். அவரை இப்போது நிஜமாகவே பயமுறுத்துவது அது இல்லை. சாயங்கால நடை. கல்யாணம் ஆன மறுவாரம் ஆரம்பித்தது, மழையில்லாத நாளெல்லாம் இரண்டு பேரும் நடக்கப் போவார்கள். போகிற வழியில் அவள் ஒரு மரத்தின் கீழே நின்று, 'இது என்ன மரம்?' என்பாள். அவர் அண்ணாந்து பார்ப்பார். பச்சையாக இருக்கும். எல்லா மரமும் பச்சையாகத்தான் இருக்கிறது, அதற்கு அவர் என்ன செய்வார்? 'வேம்பு' என்பார். 'வேம்பா? இதா? வாகைங்க.' அடுத்த மரம். 'இது?' 'வேம்பு.' 'பூவரசு!' கேட்கும் எல்லாவற்றுக்கும் வேம்பு என்று சொன்னால் என்றாவது ஒரு நாள் சரியாக இருந்துதானே ஆக வேண்டும், அது புள்ளியியல். அவளோ, நிஜமான வேம்பின் பக்கம் மட்டும் கேட்கவே மாட்டாள், அது அவளுடைய தந்திரம். ஒரு மரத்தைப் பற்றிச் சொன்னதையே நூறு தடவை சொல்வாள், சலித்ததே இல்லை, அவரும் நூறு தடவையும் கேட்டுக்கொள்வார், மறந்தும் விடுவார். வேண்டுமென்றே மறப்பதில்லை, அவர் தலையில் அதற்கு இடமே இல்லாமல் போய்விட்டது. ஆனால் அவள் கேட்பது பிடிக்கும். நாள் முழுக்க எல்லோருக்கும் பதில் தெரிந்தவராக இருந்துவிட்டு, சாயங்காலம் ஒருத்தி முன்னால் ஒன்றும் தெரியாமல் நிற்பது எவ்வளவு சுகம் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சொன்னதில்லை. எதைத்தான் சொல்லியிருக்கிறார்? மகள் பிறந்த அன்றைக்குக்கூட ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து உள்ளே போய், 'சரி' என்றுதான் சொன்னார், அவள் அப்போது சிரித்தாள், அந்தச் 'சரி'க்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்தச் 'சரி'க்குள் என்ன இருந்தது என்றும் தெரிந்திருக்குமே. அதுதானே வம்பு. இந்த மூன்று நாளும் நடக்கப் போனார்கள். பக்கத்துப் பக்கத்தில்தான் நடந்தார்கள். ஒரு மரத்தின் கீழும் அவள் நிற்கவில்லை. முதல் நாள் மறந்துவிட்டாள் என்று நினைத்தார். இரண்டாம் நாள் ஒவ்வொரு மரமாக வரும்போதும் அவருடைய நடை தானாகத் தளர்ந்தது, கேட்பாள், இதோ கேட்பாள் என்று. நேற்று அவரே ஒரு மரத்தடியில் நின்று செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகூடப் பார்த்தார். 'முள்ளா?' என்றாள். 'இல்ல' என்றார். நடந்தார்கள். ஜூனுக்குப் பிறகு வகுப்பும் கிடையாது, மாணவர்களும் கிடையாது, கேள்வி கேட்க இந்த ஒருத்திதான் உண்டு. இவளும் கேட்கவில்லை என்றால்? கேட்காமலே நடந்துகொண்டிருந்தால்?

நெற்றி வேர்த்தது. ஏ.சி. ஓடுவதாகச் சொன்னார்கள், சத்தம் மட்டும்தான் ஓடியது. கைக்குட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். அவள் பையில் இருக்கும். பிறத்தியார் பையைத் திறப்பதுபோல ஒரு கூச்சத்தோடு ஜிப்பை இழுத்தார். உள்ளே ஒரு பூதக்கண்ணாடி, பாதி உடைந்த சீப்பு, என்னவோ ஒரு காய்ந்த நெற்று, பனங்கற்கண்டுப் பொட்டலம், கைக்குட்டை. கைக்குட்டைக்குள் எதுவோ நெருடியது. பிரித்தார். அவருடைய மத்தியான மாத்திரை. பிரஷர் மாத்திரை. விழா இழுத்துக்கொண்டே போகும், இவர் மறந்துவிடுவார் என்று, தனக்குப் பொன்னாடை போர்த்தும் நாளில், பட்டுப்புடவைக்கு மடிப்பு வைக்கிற அவசரத்தில், இதை எடுத்து மடித்து வைத்திருக்கிறாள். கோபமாக இருக்கிறவள் இதைச் செய்வாளா? கோபமாக இருந்தாலும் செய்வாள், அவள் அப்படித்தான். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு இவளைப் பிடிக்கும், இந்த உலகத்தில் எனக்கு இவள் அளவுக்கு யாரையும் பிடிக்காது, இது எனக்குத் தெரியும், இவளுக்குத் தெரியுமா என்று நினைத்தார். மைதீன் பார்த்துவிடப் போகிறார் என்று முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே சிமெண்டுப் பாதை வெயிலில் பளபளத்தது. பாதை முழுக்க வெள்ளையாக, கொஞ்சம் சிவப்பு ஓடின வெள்ளையாக என்னவோ கொட்டிக் கிடந்தது. பொரி. யார் இங்கே பொரியைக் கொட்டியது? இல்லை, அது பூ. மேலே பார்த்தார். பளிச்சென்ற புதுத்தளிரோடு ஒரு மரம் சன்னலை ஒட்டி நின்றது. பொரி கொட்டின மாதிரி. எங்கேயோ கேட்ட பேச்சு. ஒரு சித்திரை வெயில், கல்யாணமாகி முதல் கோடை, அவள் குனிந்து ஒரு கை நிறைய அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள், கை சில்லென்று இருந்தது. 'தரையில பொரி கொட்டுன மாதிரிக் கெடந்தா அண்ணாந்து பாக்கவே வேண்டாம், அது புங்கை.' புங்கை. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். புங்கைமரம்! அவராகவே, யாரும் எடுத்துக் கொடுக்காமல், கண்டுபிடித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. எழுந்து நின்று மேடையைப் பார்த்துக் கத்த வேண்டும்போல இருந்தது. கேளு, இப்போ கேளு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்தார். அவள் துணைவேந்தர் ஏதோ சொல்வதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மேடையில் ஒரு குழப்பம் தெரிந்தது. பக்கவாட்டுப் படிகளில் ஒரு பெண் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஜெயராக்கினி, தாவரவியல் எம்.எஸ்ஸி., மணப்பாட்டுப் பக்கம் கடற்கரைப் பிள்ளை, வகைப்பாட்டியல் தாளில் எத்தனையோ தடவை விழுந்தவள். சனிக்கிழமை எலுமிச்சம்பழச் சாதத்தை அதிகம் சாப்பிட்டவளும் அவள்தான் என்று குழல்வாய்மொழி சொல்லியிருக்கிறாள். பொன்னாடை போர்த்த அவளைத்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள், அதற்காகவே கருநீலத்தில் புதுச் சேலை கட்டிவந்திருந்தாள். 'என்னம்மா, வா, உன்னத்தான் கூப்பிடுதாங்க' என்று யாரோ தள்ள, அவள் மைக் பக்கத்திலேயே நின்று விம்மினாள், அரங்கம் முழுக்கக் கேட்டது. 'மேடம், மன்னிச்சிருங்க மேடம். இப்பத்தான் ரிசல்ட் போட்டாங்க. நான் பாஸ் ஆயிட்டேன் மேடம்.' அரங்கமே வெடித்துச் சிரித்தது. குழல்வாய்மொழி எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள், 'பாஸாட்டி? நெசமாவா? எத்தன மார்க்குட்டி?' என்று விருது, மேடை, துணைவேந்தர் எல்லாம் மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பதிவாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் உயிலை மறுபடியும் எடுத்தார். அவர் வேலை அது. 'விழா நாள் அன்று வரை தேறாமல் இருக்கும் ஒருவர்' என்று மைக்கில் வாசித்தார். 'உயில்னா உயில்தான். நாம மீற முடியாது. மேடம் பாடத்துல இன்னும் தேறாதவங்க யாராவது அரங்கத்துல இருந்தா தயவுசெஞ்சு மேடைக்கு வாங்க.' எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசைகளில் தலைகள் குனிந்தன. இருக்கிறார்கள், ஓட்டுப் போட்டவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் பெற்றோர் வந்திருக்கிறார்கள், பத்திரிகைக்காரர்கள் காமிராவோடு நிற்கிறார்கள், மறைவாக ஓட்டுப் போடுவது வேறு, நான் தோற்றவன் என்று நாலு பேர் பார்க்க எழுந்து நடப்பது வேறு. 'யாரும் இல்லையா?' என்றார் பதிவாளர். ஒரு இருமல். விசிறியின் கடகட. 'யாரும் இல்லைன்னா இந்த வருஷம்...' என்று அவர் துணைவேந்தரைப் பார்த்தார். குழல்வாய்மொழி ஜெயராக்கினியின் தோளில் கைபோட்டபடி நின்றுகொண்டிருந்தாள். பரவாயில்லை என்பதுபோலச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஆவுடையப்பனுக்குத் தெரியும். வாளித் தண்ணீரைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனபோதும், கதவைத் திறந்து பார்த்திருந்தால், அப்படித்தான் சிரித்திருப்பாள்.

'நான் இருக்கேன்' என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று அவரும் திரும்பிப் பார்க்க இருந்தார். அவர்தான் எழுந்து நின்றிருந்தார். 'ஓய், உக்காரும்வே' என்று மைதீன் சட்டையை இழுத்தார், பிறகு என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார். மந்திரிகள் வந்த கூட்டத்தில் பேசியவருக்கு, இத்தனை வருஷம் வகுப்பெடுத்தவருக்கு, அந்தப் படியேறுவது ஏழு மலை ஏறுகிறதுபோல இருந்தது. பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோளிலேயே மாட்டிக்கொண்டார், பின்வரிசைகள் அதற்கும் கைதட்டின. பதிவாளர் திகைத்தார். 'சார், நீங்க...' 'நானும் மேடத்துகிட்ட படிக்கிறவன்தான்.' 'எப்போ சேர்ந்தீங்க?' 'கல்யாணத்துக்கு மறுவாரம்.' சிரிப்பு அலையாக எழுந்தது. 'எந்தப் பாடம்?' 'மரம்' என்றார் ஆவுடையப்பன். 'தினமும் சாயங்காலம் வகுப்பு உண்டு. தினமும் கேள்வி கேப்பாங்க. ஒரு நாள்கூட நான் தேறுனதில்ல. மூணு நாளா கேள்வி கேக்குறதையே நிறுத்திட்டாங்க.' கடைசி வரியை மைக்கில் சொல்ல அவர் நினைக்கவில்லை, அது தானாக வந்துவிட்டது, குரல் கொஞ்சம் உடைந்தது, சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிய வேண்டியவளுக்குத் தெரிந்தது. பதிவாளர் சட்டப்படிதான் போவார். 'மேடம், இவரு சொல்றது சரியா? இன்னும் தேறலையா?' குழல்வாய்மொழி மைக்கை வாங்கினாள். 'ரொம்ப மோசமான மாணவர்' என்றாள். 'எந்த மரத்தக் காட்டுனாலும் வேம்புன்னுதான் எழுதுவாரு.' துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார், சரி என்று தலையாட்டினார். தட்டில் இருந்த பொன்னாடையை ஜெயராக்கினி எடுத்துப் பிரித்து அவர் கையில் கொடுத்தாள். ஜரிகை வழுக்கியது. இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு அவள் எதிரில் வந்து நின்றார். மைக்கை அவள் பதிவாளரிடம் திருப்பிக் கொடுத்திருந்தாள், இனி பேசுவது யாருக்கும் கேட்காது. 'மொழி' என்றார். 'அன்னைக்கே சொல்லியிருக்கணும். போன் அடிச்சதும் எனக்குத்தானோன்னு நெனச்சிட்டேன். அதான் அப்படி... எனக்கு ரொம்பச் சந்தோசம்ட்டி. நெசமாவே.' அவள் அவரையே பார்த்தாள். 'தெரியும்' என்றாள். 'தொட்டி பாதிகூட நெறையலைன்னும் தெரியும்.' காமிராக்காரர்கள் 'சார், சீக்கிரம், இந்தப் பக்கம் பாருங்க' என்று கத்தினார்கள். அவள் பார்க்கவில்லை. சன்னல் பக்கம் கண்ணைக் காட்டினாள். வெயில், பளிச்சென்ற தளிர், பாதை முழுக்கப் பொரி.

'அது என்ன மரம்?' என்றாள்.

பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது. உள்ளங்கையில் அந்தப் பழைய குளிர்ச்சிகூட வந்துவிட்டது. சொன்னால் தேறிவிடலாம். கையில் பொன்னாடை இருந்தது. நாளைக்குச் சாயங்காலம் இருந்தது, ஜூன் இருந்தது, அதற்கு அப்புறமும் எத்தனையோ சாயங்காலங்கள் இருந்தன.

'வேம்பு' என்றார் ஆவுடையப்பன். அவள் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, இந்தத் தடவை முகத்தைப் பார்த்தார்.